கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இந்தச் சூடு நின்றுவிடுமா?

இந்தக் கடிதத்தை எழுதிய வாசகிக்கு 47 வயது. கொங்குப் பக்கம் ஒரு சிறு நகரத்தில், கடன் சங்கம் ஒன்றில் காசாளராக இருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டில் கணவர், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகன், பிளஸ் டூ எழுதப்போகும் மகள்.

ஒன்றரை வருடமாக மாதவிலக்கு ஒழுங்கில்லை. இரண்டு மூன்று மாதம் வராமலே இருக்கிறது, வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் கட்டிகட்டியாகப் போகிறது. கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை சூடு ஏறி ரவிக்கை நனைந்துவிடுகிறது. "வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று கூசிப்போகிறேன்" என்று எழுதியிருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. ஒருநாள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, ஹார்ட் அட்டாக் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். இசிஜி நார்மல், கேஸ் தொந்தரவு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கணவரோடு சேர்வது வலிப்பதால் சில மாதங்களாகத் தனியாகப் படுக்கிறார். மகளிடம் சின்ன விஷயத்துக்கும் கத்திவிட்டு, பாத்ரூமில் போய் அழுகிறார். "எங்க காலத்துல இதையெல்லாம் யாரு பெருசு பண்ணினா" என்கிறார் மாமியார். ஆன்லைன் விளம்பரம் பார்த்து 'ஹார்மோனைச் சமப்படுத்தும்' பொடி ஒன்றையும் மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார்.

பரிசோதனைகளில் ஹீமோகுளோபின் 8.4. ஸ்கேனில் 'பல்கி யூட்டரஸ்', இரண்டு சென்டிமீட்டர் நார்க்கட்டி ஒன்று, கர்ப்பப்பையின் உட்சுவர் 13 மில்லிமீட்டர், கூடவே 'நபோத்தியன் சிஸ்ட்'. பார்த்த மருத்துவர், "குழந்தை பெற்றாகிவிட்டது, இனி இது எதற்கு? எடுத்துவிட்டால் எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடும்" என்று அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருக்கிறார். வாசகியின் கேள்விகள் இவை. எடுத்துவிடலாமா? 18 வருடத்துக்கு முன் செய்துகொண்ட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தான் இதற்கெல்லாம் காரணமா? அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததால் ஹார்மோன் மாத்திரை பக்கமே போகக்கூடாதா? கடைசியாக ஒரு வரி: "எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டிருக்கிறதா டாக்டர்?"

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் சூடு, வியர்வை, விழிப்பு, எரிச்சல், அழுகை, வலி எல்லாமே மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் வரக்கூடியவை. இந்த வயதில் என்னிடம் வரும் பெண்களில் பலர் இதே பட்டியலோடுதான் வருகிறார்கள்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் மேல் பழி போட வேண்டாம். அதில் கருக்குழாயை மட்டும்தான் கட்டுகிறார்கள். ஹார்மோன் சுரக்கும் சினைப்பைகள் அப்படியே இருக்கும், தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இப்போது நடப்பது அந்த ஆபரேஷன் செய்யாதவர்களுக்கும் நடக்கும்.

நீங்கள் 'எனக்கு மெனோபாஸ் வந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் வரவில்லை. தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. அதற்கு முந்தைய சில வருடங்களில்தான் நீங்கள் இப்போது இருக்கிறீர்கள். சினைப்பை சில மாதம் கருமுட்டையை வெளியிடும், சில மாதம் வெளியிடாது. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரு வாரம் எகிறும், அடுத்த வாரம் சரியும். லேபில் காசு கொடுத்துப் பார்த்த எஃப்எஸ்ஹெச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அது இந்தக் காலத்தில் வாரத்துக்கு வாரம் மாறும். 45 வயதைத் தாண்டியவருக்கு, அறிகுறிகளை வைத்தே சொல்லிவிடலாம், அந்தப் பரிசோதனை தேவையில்லை.

இனி முக்கியமான விஷயம். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். ஒன்று, அளவுக்கு மீறிய உதிரப்போக்கு. அது கர்ப்பப்பையில் நடக்கிறது. இன்னொன்று, சூடும் தூக்கமின்மையும் மனநிலை மாற்றமும். அது சினைப்பை ஹார்மோனின் ஏற்ற இறக்கத்தால் மூளையில் நடக்கிறது. கர்ப்பப்பையை எடுத்தால் உதிரப்போக்கு நிற்கும், சந்தேகமில்லை. சூடு நிற்காது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், சில வருடங்களில் மெதுவாக இறங்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஓரிரு நாளில் விழுந்துவிடும். இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு கடுமையாகச் சூடு வரும், எலும்பும் சீக்கிரம் தேயும். சினைப்பைகளை விட்டுவைத்து எடுத்தாலும் சிலருக்கு மெனோபாஸ் ஓரிரு வருடம் முன்னதாக வந்துவிடுவதைப் பார்க்கிறோம். 'எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடும்' என்ற வாக்குறுதியை நம்பி நீங்கள் மேஜையில் படுக்கக்கூடாது என்பதுதான் என் கவலை.

உதிரப்போக்கு: முதலில் காரணம் தெரியட்டும்

நேரில் பார்க்காமல் உங்கள் மருத்துவரின் முடிவைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் அனுப்பிய காகிதங்களில் ஒரு பரிசோதனை இல்லை. கர்ப்பப்பை உட்சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. 45 வயதுக்கு மேல் ஒழுங்கற்று, அதிகமாகப் போகிறதென்றால் அதைச் செய்தே ஆக வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கருமுட்டை வெளியாகாத மாதங்களில், உட்சுவரைக் கட்டுக்குள் வைக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரக்காமல் உட்சுவர் தடித்துக்கொண்டே போய், ஒருநாள் மொத்தமாக உதிர்கிறது, அவ்வளவுதான். ஆனால் சிலருக்கு அந்தத் தடிப்பிலேயே புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருக்கும், அரிதாகப் புற்றுநோயே இருக்கும். அப்படி இருந்தால் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சையே வேறு. அதனால்தான் பயாப்ஸி ரிசல்ட் கையில் இல்லாமல் கர்ப்பப்பையை எடுக்கக்கூடாது. பெரும்பாலும் வெளிநோயாளியாகவே செய்துவிடலாம். மாதவிலக்கு வலி போலச் சில நிமிடம் வலிக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை இதுவரை செய்ததில்லை என்றால், அதையும் அன்றே முடித்துவிடுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துப் படித்து நீங்கள் தூக்கத்தைத் தொலைத்திருப்பது தெரிகிறது. 'பல்கி யூட்டரஸ்' என்பது நோயின் பெயர் இல்லை. இரண்டு பிரசவம் பார்த்த கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். நபோத்தியன் சிஸ்ட் என்பது கர்ப்பப்பை வாயில் இருக்கும் சிறு நீர்க்கொப்புளம், அதற்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம். சுவருக்குள் இருக்கும் இரண்டு சென்டிமீட்டர் நார்க்கட்டி, மாதவிடாய் நின்றபின் தானே சுருங்கும். அந்தக் கட்டி சுவருக்குள் இருக்கிறதா, உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உட்குழிக்குள் இருந்தால் சிறியதே அதிக உதிரப்போக்கைத் தரும், கர்ப்பப்பையை விட்டுவைத்து அதை மட்டும் அகற்றவும் முடியும். உட்சுவர் 13 மில்லிமீட்டர் என்பது மாதவிடாய் நின்றவருக்கு அதிகம். இன்னும் மாதவிலக்கு வரும் உங்களுக்கு, எந்த நாளில் ஸ்கேன் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பயாப்ஸியில் பயப்படும்படி ஒன்றும் இல்லையென்றால் உங்களுக்கு வேறு வழிகள் நிறைய. போக்கு அதிகமாக இருக்கும் நாட்களில் மட்டும், அதைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை. இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்ட வரலாறு இருப்பவர்களுக்கு அது ஆகாது. அல்லது மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் புரொஜெஸ்டிரோன் மாத்திரை. இவை எல்லாவற்றையும்விட உங்களைப் போன்றவருக்கு நான் முதலில் யோசிப்பது, லெவோநார்ஜெஸ்ட்ரெல் ஹார்மோன் உள்ள காப்பர் டி போன்ற சிறு சாதனம். பலரும் மிரீனா என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள், இந்தியத் தயாரிப்புகளும் உண்டு. கர்ப்பப்பைக்குள் வைத்துவிட்டால் ஐந்து வருடம் வரை உதிரப்போக்கை வெகுவாகக் குறைக்கும். முதல் மூன்று நான்கு மாதம் சொட்டுச் சொட்டாகப் படும். அதைப் பொறுத்துக்கொள்ளாமல் எடுத்துவிடுகிறவர்கள் உண்டு, கொஞ்சம் பொறுத்தவர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவாகும். ஆபரேஷன் செலவோடும், ஒன்றரை மாத விடுப்போடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியானால் கர்ப்பப்பையை எடுப்பதே தவறா என்றால், அதுவும் இல்லை. பயாப்ஸியில் கெட்ட மாற்றம் தெரிந்தால், கட்டிகள் பெரிதாக இருந்தால், மருந்தும் சாதனமும் பலிக்காமல் போனால் எடுப்பதுதான் சரி. அப்படி எடுத்து நன்றாக இருப்பவர்கள் ஏராளம். தேவையில்லாமல் எடுப்பதுதான் நம் நாட்டின் பிரச்சினை. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களுக்கு நடந்த இத்தகைய அறுவைகள் பற்றிய பொதுநல வழக்கில், மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. ஆகவே, "வேறு வழி இல்லையா? பயாப்ஸி செய்தீர்களா? சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. அதை வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமைதான்.

முன்பணம் கட்டிவிட்டோமே என்று தயங்க வேண்டாம். தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். 8.4 ஹீமோகுளோபினோடு அவசரமில்லாத அறுவை சிகிச்சை எப்படியும் நல்லதல்ல.

அந்த 8.4 தான் என்னை அதிகம் உறுத்துகிறது. கடிதத்தில் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. படபடப்பு, மாடி ஏறினால் மூச்சுவாங்குவது, அசதி, எரிச்சல் எல்லாவற்றையும் இரத்தசோகை தனியாகவே உண்டாக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடிய அந்த இரவுப் படபடப்பில் இதற்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்க்காமல், ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஊசி வழியாக ஏற்றலாம். பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் நல்லவைதான், ஆனால் இந்த அளவிலிருந்து உங்களைத் தூக்கிவிட அவற்றால் மட்டும் ஆகாது. தைராய்டு பரிசோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் உங்கள் அறிகுறிகளில் பாதி அப்படியே வரும்.

சூட்டுக்கும் தூக்கத்துக்கும்

உடல் வெப்பத்தைக் கவனிக்கும் ஒரு பகுதி மூளையில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அது மிகையாக உணர்ந்துகொள்ள ஆரம்பிக்கிறது. உடம்பு துளி சூடானால் போதும், கொதிக்கிறது என்று எண்ணி இரத்தக்குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டவைத்து உடம்பைக் குளிரவைக்கப் பார்க்கிறது. ஒன்று முதல் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். உடம்பில் 'சூடு ஏறிவிட்டது' என்று வெந்தயமும் இளநீருமாகக் குடிப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் இந்தச் சூடு கிளம்பும் இடம் மூளை, அவை அதைத் தணிக்காது. எத்தனை காலம் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளுக்கு ஆள் மாறும், சராசரியாக ஏழு வருடம் என்கின்றன நீண்டகால ஆய்வுகள். அதனால்தான் 'பொறுத்துக்கொள், போய்விடும்' என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கவுன்டரில் ஒரு சிறிய மின்விசிறி, பருத்தி ரவிக்கை, குடிக்கத் தண்ணீர், பையில் மாற்று ரவிக்கை ஒன்று. இவை சூட்டை நிறுத்தாது, கூச்சத்தைக் குறைக்கும். நடைப்பயிற்சியும் அப்படித்தான். எலும்புக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் அருமையானது, ஆனால் சூடு குறையவில்லையே என்று நான்காம் வாரம் நிறுத்திவிடாதீர்கள். எடை கூடியிருந்தால் கொஞ்சம் குறைப்பது சூட்டைக் குறைக்க உண்மையிலேயே உதவும்.

பொடியை இன்றே நிறுத்திவிடுங்கள். என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் முழுதாக எழுதாத ஒன்று அது. காரணம் தெரியாத உதிரப்போக்கு இருக்கும்போது, ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் ஏதாவது அதில் இருந்தால் உட்சுவரை இன்னும் தடிக்கவைக்கலாம். டப்பாவைத் தூக்கியெறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஹார்மோன் சிகிச்சையும் உங்கள் அத்தையும்

ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றிலிருந்து பரவியது. ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரொஜெஸ்டிரோனும் சேர்ந்த மாத்திரையை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுவதாகக் கண்டு, ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். எவ்வளவு கூடியது? 10,000 பெண்கள் ஒரு வருடம் எடுத்துக்கொண்டால் கூடுதலாக 8 பேர். அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. உங்களைப் போல நாற்பதுகளின் இறுதியில், சூட்டால் தவிக்கும் பெண்கள் அவர்களில் பெரும்பான்மை இல்லை. பிற்பாடு அதே தரவுகளை வயதுவாரியாகப் பார்த்தபோது, 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே பெரும்பாலும் ஓங்கி நிற்கிறது என்று தெரிந்தது.

அத்தைக்கு 65 வயதில் வந்த மார்பகப் புற்றுநோய் உங்களுக்குக் கதவை மூடிவிடாது. ஆனால் அப்பா வழி என்பதால் ஒதுக்கிவிடவும் கூடாது. அப்பா வழியாகவும் அந்த மரபணுக்கள் வரும். குடும்பத்தில் வேறு யாருக்காவது 50 வயதுக்குள் மார்பகத்திலோ, எந்த வயதிலாவது சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். வந்திருந்தால் மரபணு ஆலோசனை தேவை. இல்லையென்றால், மார்பகப் பரிசோதனையும் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) செய்துகொண்டு ஹார்மோனைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ காலில் இரத்த உறைவோ வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் எடுக்கக்கூடாது. காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்களும் எடுக்கக்கூடாது. இப்போதைக்கு நீங்கள் அந்தக் கடைசி வரிசையில் இருக்கிறீர்கள், மீண்டும் பயாப்ஸிக்கே வருகிறோம்.

ரிசல்ட் நன்றாக இருந்தால் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கக்கூடாது, உட்சுவரைக் காக்கப் புரொஜெஸ்டிரோனும் வேண்டும். நான் மேலே சொன்ன சாதனம் அந்த வேலையைச் செய்துவிடும். ஈஸ்ட்ரோஜனைக் கையிலோ தொடையிலோ தடவும் ஜெல்லாக எடுத்துக்கொண்டால், மாத்திரையில் இருக்கும் இரத்த உறைவு அபாயமும் கூடுவதில்லை. உதிரப்போக்கு, சூடு இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு, கத்தி இல்லாமல். ஹார்மோனே வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் குறைந்த அளவு வென்லாஃபாக்சின் அல்லது இரவில் காபாபென்டின் போன்றவை இருக்கின்றன. மருந்துக்கடையில் 'இது மனநோய்க்குத் தரும் மாத்திரை' என்று யாராவது சொன்னால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அதே மருந்து சூட்டையும் குறைக்கும், அதற்காகத்தான் தருகிறார்கள்.

கணவரோடு

வலிப்பது உங்கள் விருப்பக் குறைவால் இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பிறப்புறுப்பின் தோல் மெலிந்து உலர்ந்துவிடுகிறது. அடிக்கடி சிறுநீர் எரிச்சல் வருவதற்கும் அதுவே காரணமாகலாம். சூடு காலப்போக்கில் அடங்கிவிடும், இந்த வறட்சி தானாகச் சரியாகாது. இப்போதைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும், தண்ணீர் கலந்த வழவழப்பு ஜெல்லைப் பயன்படுத்துங்கள். பயாப்ஸிக்குப் பிறகு அந்த இடத்திலேயே ஈஸ்ட்ரியால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) க்ரீம் போடலாம், மிகக் குறைந்த அளவே இரத்தத்தில் கலக்கும், பலன் தெரியச் சில வாரம் ஆகும். அதுவரை உங்கள் கணவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பதிலை அவர் கையில் கொடுங்கள். காரணம் தெரியாமல் தன்னை ஒதுக்குகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

அழுகையும் கோபமும்

இரவில் நாலு மணி நேரம்கூடத் தூங்காத, இரத்தம் குறைந்த ஒருவர் எரிந்துவிழுவது குணக்கேடு ஆகாது. அதை மகளிடமே சொல்லலாம். பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு இது புரியும், நாளைக்கு அவளுக்கும் தேவைப்படும். ஆனால் கடிதத்தின் நடுவில் 'சில நேரம் எங்காவது போய்விடலாமா என்று தோன்றுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் அப்படியே விட்டுவிட மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், காலையிலேயே கனமாக இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இந்த வருடங்களில் அது வரும் வாய்ப்பு கூடுதல், நன்றாகக் குணமும் ஆகும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருடத்தில் எலும்பு வேகமாகத் தேயும் என்பதால் கால்சியம் முக்கியம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. பால், தயிர், எள், கீரை சேர்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டி அளவைப் பார்த்துக் குறைந்தால் மாத்திரை எடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும்படி இரண்டு மணி நேரம் தொடர்ந்து போனாலோ, தலை சுற்றி விழப்போவதுபோல இருந்தாலோ எதற்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பிற்காலத்தில், 12 மாதம் நின்றுபோன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அப்படித்தான், அந்த வாரமே காட்ட வேண்டும்.

இந்த வாரம் ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைப்பது, இரும்புச்சத்தைத் தொடங்குவது, தைராய்டு பார்ப்பது, பயாப்ஸிக்கு நாள் வாங்குவது. இவ்வளவு போதும். பயாப்ஸி ரிசல்ட் வந்ததும் அதன் நகலோடு மறுபடி எழுதுங்கள்.